மைக் முன்னால் வர முடியாதவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றதும் நமக்கு ஒரு காட்சி மனதில் வரும். கல்யாண மண்டபம், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் அதிகாரிகள், கீழே ஒரு மைக். சாலை விரிவாக்கமோ புதிய தொழிற்சாலையோ, பாதிக்கப்படப் போகிறவர் எழுந்து போய், தன் பெயர், ஊர், எத்தனை சென்ட் நிலம் போகிறது என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குவார். பெயரும் ஊரும் சொன்னால்தான் அங்கே பேச்சுக்கு எடை.

இப்போது அதே மண்டபத்தில், "நம் நகரத்தில் எச்.ஐ.வி.யை ஒழிக்க என்ன செய்யலாம்? பாதிக்கப்பட்டவர்கள் வந்து சொல்லுங்கள்" என்று அறிவித்தால் யார் எழுந்து வருவார்? எழுந்து நின்ற அந்த நிமிடமே அவருக்குத் தொற்று இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். குடியிருக்கும் வாடகை வீடு, பார்க்கும் வேலை, தங்கைக்கு நடக்கும் கல்யாணப் பேச்சு எல்லாமே அந்த ஒரு நிமிடத்தில் ஆட்டம் காணும். யாருக்கு விஷயம் அதிகம் தெரியுமோ அவருக்குத்தான் வாய் திறந்தால் இழப்பும் அதிகம்.

எச்.ஐ.வி. விஷயத்தில் மக்கள் கருத்தைக் கேட்பது தனி ஒரு வேலையாக, தனக்கென்று முறைகளோடு வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். அது எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தை வைத்துப் பார்ப்போம். 20,000-க்கும் மேற்பட்டவர்களை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த நகரம் அது. 40 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு, தவறி, திருத்தி, மறுபடி கேட்டு வரும் நகரமும் அதுதான்.

மருந்து இருக்கிறதே, பிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

எச்.ஐ.வி.யை உடலிலிருந்து அடியோடு நீக்கும் சிகிச்சை சாதாரண மக்களுக்கு இன்னும் வரவில்லை. அப்படியிருக்க, ஒரு நகரம் "எச்.ஐ.வி.யை ஒழிப்போம்" என்று சொன்னால் என்ன அர்த்தம்? புதிதாக யாருக்கும் தொற்று வராமல் பார்த்துக்கொள்வது, இருப்பவர்கள் யாரும் அதனால் சாகாமல் பார்த்துக்கொள்வது. இரண்டுக்கும் வழி இருக்கிறது.

ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டால் ரத்தத்தில் வைரஸின் அளவு, அதாவது வைரல் லோடு, சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்று பரவாது. மருந்து பரவலைத் தடுக்கும் என்பதை நிறுவியதில் சென்னைக்கும் பங்கு உண்டு. எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு 9 நாடுகளில் 1,763 ஜோடிகளோடு நடந்தது. சென்னையும் அதன் மையங்களில் ஒன்று. ஜோடியில் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. தொற்றுள்ளவருக்குச் சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96% குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. அப்புறம் பிரெப். இது தொற்று இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் மாத்திரை. அமெரிக்காவில் 2012-ல் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஆக, தொற்றுள்ள எல்லோருக்கும் அது இருப்பது தெரிந்து, எல்லோரும் மருந்தைத் தொடர்ந்து எடுத்து, ஆபத்தில் இருப்பவர்களுக்குப் பிரெப்பும் கிடைத்துவிட்டால் புதிய தொற்று நின்றுவிட வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் மாத்திரை ஏன் ஒருவர் கைக்குப் போய்ச் சேரவில்லை, சேர்ந்தாலும் ஏன் நான்காவது மாதம் நின்றுவிட்டது என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. காலை 9 மணிக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். சீட்டுப் பதியும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் சொந்தக்காரருக்குத் தெரிந்தவர். மாத்திரை டப்பாவை வைத்துக்கொள்ளப் பூட்டு உள்ள அலமாரி கிடையாது. இதெல்லாம் அந்த வாழ்க்கையை வாழ்பவருக்குத்தான் தெரியும். மரியாதைக்காகக் கேட்கும் சடங்கு என்று இதை நினைப்பவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை இதுவும் ஒரு பரிசோதனைதான். திட்டத்தில் எங்கே அடைப்பு என்று காட்டும் பரிசோதனை.

மருந்துக்கடை ஜன்னலில் ஒட்டிய படம்

1981. எய்ட்ஸ் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பாபி கேம்பெல் என்ற ஆண் செவிலியருக்கு கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்த் திட்டுகள் வந்தன. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள் அதிகம் வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதியில், ஒரு மருந்துக்கடை ஜன்னலில் அவர் தன் புண்களின் புகைப்படங்களை ஒட்டினார். இப்படி ஒரு புதிய நோய் சுற்றுகிறது, உங்கள் உடம்பிலும் இது இருக்கிறதா பாருங்கள் என்று தன் மக்களுக்குச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அரசு கேட்பதற்கு முன்பே, கேட்காமலேயே, ஒருவர் வந்து சொன்னார்.

1983 ஜனவரியில் அந்த நகரத்தின் பொது மருத்துவமனையில் வார்டு 86 திறக்கப்பட்டது. எய்ட்ஸுக்கென்றே தொடங்கிய, நாட்டின் முதல் வெளிநோயாளிப் பிரிவு அதுதான். அதே ஆண்டு ஜூனில் டென்வர் நகரத்தில் ஒரு சுகாதார மாநாடு நடந்தது. கேம்பெல் உள்பட, நோயுள்ளவர்கள் சிலர் அங்கே கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கையை இன்று 'டென்வர் கோட்பாடுகள்' என்கிறோம். எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள், நாங்கள் எய்ட்ஸுடன் வாழும் மனிதர்கள் என்று அதில் சொன்னார்கள். முடிவு எடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் எங்களுக்கு இடம் வேண்டும், எங்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளின் நிர்வாகக் குழுவிலும் நாங்கள் உட்கார வேண்டும் என்றும் கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேம்பெல் இறந்துபோனார். வயது 32.

இன்று உலகத்தில் எந்த எச்.ஐ.வி. திட்டத்திலும் "எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள்" என்ற சொல்லும், அவர்களுக்குக் குழுவில் இடம் தரும் வழக்கமும் இருக்கின்றன என்றால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது. தனி ஒருவராக மைக் முன்னால் நின்றால் உடைந்துபோகிற குரல், கூட்டமாக நின்றபோது தாங்கியது.

எல்லாக் கருத்தும் பேச்சாகவே வர வேண்டும் என்பதில்லை. போதை ஊசி போடுபவர்கள் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் தொற்று பரவுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், சுத்தமான ஊசி கொடுப்பது கலிபோர்னியாவில் சட்ட விரோதமாக இருந்தது. 1988-ல் சில தன்னார்வலர்கள் கைதாகும் ஆபத்தோடு தெருவில் இறங்கி, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். நகர நிர்வாகம் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தது. 1993-ல் அப்போதைய மேயர் ஃபிராங்க் ஜோர்டான் சுகாதார அவசர நிலை அறிவித்து, அந்த வேலைக்கு நகரத்தின் பணத்தையே கொடுக்க வழி செய்தார். மேசை போட்டு உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்த யோசனை வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஊசி போடுபவர்கள் போலீஸ் வாசலைத் தாண்டிவந்து யோசனை சொல்ல மாட்டார்கள்.

பணத்தைப் பிரிக்கும் மேசையில் மூன்றில் ஒரு நாற்காலி

ரயன் வைட் இண்டியானா மாநிலத்துச் சிறுவன். ரத்தம் உறையாத நோய்க்காக ஏற்றிய மருந்து வழியாக அவனுக்குத் தொற்று வந்தது. பள்ளிக்கூடம் அவனை உள்ளே விட மறுத்தது. குடும்பம் வழக்காடி வென்றது. 1990 ஏப்ரலில், 18 வயதில் அவன் இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், எச்.ஐ.வி.யுடன் வாழும் ஏழைகளின் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கும் ஒரு கூட்டாட்சிச் சட்டம் அவன் பெயரிலேயே வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு பகுதி, தொற்று அதிகமுள்ள பெரிய நகரங்களுக்கு நேரடியாகப் பணம் தருகிறது. கூடவே ஒரு நிபந்தனை: பணத்தை எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதை நகர அதிகாரிகள் தாங்களாகவே முடிவு செய்யக் கூடாது, அதற்கு ஒரு திட்டக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 33% பேர் அந்தச் சேவையைப் பெறும் நோயாளிகளாக இருக்க வேண்டும். அதுமட்டுமல்ல, இந்தப் பணத்தை வாங்கும் எந்த அமைப்பிலும் அவர்கள் சம்பளக்காரர்களாகவோ நிர்வாகிகளாகவோ இருக்கக் கூடாது. யாருக்கும் கடமைப்படாதவர்களாக இருந்தால்தான், ஒரு கிளினிக் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்ல முடியும்.

இந்தக் குழுவின் வேலை ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான். முதலில் நகரத்தில் தேவை என்ன என்று ஆய்வு செய்வார்கள். யாருக்குத் தொற்று வருகிறது, யார் சிகிச்சையை விட்டார்கள், எந்தப் பகுதியில் சேவை இல்லை என்று தகவல் திரட்டுவார்கள். அப்புறம் சேவைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துவார்கள். கடைசியில் ஒவ்வொன்றுக்கும் பணம் பிரிப்பார்கள். மொத்தத்தில் 75% மருத்துவர், மருந்து, பல் சிகிச்சை, மனநலம் போன்ற அடிப்படை மருத்துவத்துக்கே போக வேண்டும் என்பது பொது விதி. மிச்சமிருப்பதில்தான் சாப்பாடு, பஸ் கட்டணம், வீட்டு உதவி எல்லாம். எந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தருவது என்பதில் குழு தலையிட முடியாது. அது நகர நிர்வாகத்தின் பொறுப்பு. வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வராமல் இருக்க இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

படிக்க இது அலுவலக நடைமுறை மாதிரி இருக்கலாம். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுப் பணத்தைக் குறைத்துப் பஸ் கட்டணத்துக்குக் கூட்டலாமா என்று கை தூக்கும் மேசையில், காலையில் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டு அந்த பஸ்ஸில் வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கைக்கும் டாக்டர் கைக்கும் ஒரே எடை. கருத்துச் சொல்வதற்கும் முடிவில் பங்கு எடுப்பதற்கும் உள்ள தூரம் எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிந்தது.

சரி, இதிலும் ஓட்டை இருக்கிறது. மாதம் ஒரு கூட்டத்துக்கு வந்து, கட்டுக் கட்டாகக் காகிதம் படித்து, விவாதம் செய்ய முடிகிறவர்கள்தான் அந்த நாற்காலிக்கு வருவார்கள். தெருவில் படுத்துத் தூங்குபவர் வர மாட்டார்.

வீடில்லாதவர்களிடம் கேட்ட விதம்

சான் பிரான்சிஸ்கோவில் 'கெட்டிங் டு ஜீரோ' என்ற கூட்டு முயற்சி 2014 வாக்கில் சூடு பிடித்தது. புதிய தொற்று பூஜ்யம், இறப்பு பூஜ்யம், எச்.ஐ.வி.யைச் சுற்றியுள்ள அவமானமும் பூஜ்யம் என்பது கனவு. 2020-க்குள் புதிய தொற்றையும் இறப்பையும் 90% குறைப்பது கையில் எடுத்த இலக்கு. தொற்று உறுதியான அன்றே மருந்தைத் தொடங்குவது, பிரெப்பைப் பரப்புவது, சிகிச்சையை விட்டவர்களைத் திரும்ப அழைத்து வருவது என்று நகர சுகாதாரத் துறை, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனங்கள், எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் எல்லோரும் சேர்ந்து உழைத்தார்கள். புதிய தொற்றுகள் நன்றாகவே குறைந்தன. ஆனால் 90% என்ற இலக்கை எட்டவில்லை. கறுப்பினத்தவர்களிடமும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடமும் குறைந்தது போதவில்லை. வீடில்லாதவர்கள் நிலைமை இன்னும் மோசம். நகரத்தில் தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ் கட்டுக்குள் இருந்த அதே காலத்தில், வீடில்லாதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் அப்படி இருந்தது.

வார்டு 86-ல் வேலை பார்த்தவர்கள் இதற்குத் தீர்வை அறைக்குள் உட்கார்ந்து எழுதவில்லை. வீடில்லாத நோயாளிகள் 60 பேருக்கு மேல் உட்கார வைத்துக் கேட்டார்கள். கேட்ட விதம்தான் அழகு. "உங்களுக்கு எப்படிப்பட்ட கிளினிக் வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் யாராக இருந்தாலும் எல்லாமே வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக இரண்டு கற்பனைக் கிளினிக்குகளை முன்னால் வைத்தார்கள். உதாரணமாக, ஒன்றில் நினைத்த நேரத்தில் வரலாம், ஆனால் வருகைக்குக் கிடைக்கும் பரிசு அட்டையின் மதிப்பு குறைவு. மற்றதில் முன்பதிவு செய்துதான் வர வேண்டும், ஆனால் பணம் அதிகம். இரண்டில் எது? அடுத்து வேறு ஒரு ஜோடி. அடுத்து இன்னொன்று. காய்கறிக் கடையில் இதை எடுத்தால் அதை வைத்துவிட வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் நமக்கு உண்மையில் எது வேண்டும் என்று நமக்கே தெரிகிறது, அது மாதிரி.

எல்லாவற்றையும்விட அவர்கள் அதிகம் விரும்பியது, தங்களை ஒரு மனிதராகத் தெரிந்து வைத்திருக்கும் மருத்துவக் குழுவை. அப்படி ஒரு இடம் கிடைக்கும் என்றால் ஒவ்வொரு வருகைக்கும் 30 டாலருக்கு மேல் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். தெருவில் வாழ்பவர்களுக்கு 30 டாலர் என்பது என்ன என்று நினைத்துப் பார்த்துவிட்டு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். அதற்கடுத்தபடியாக, முன்பதிவு இல்லாமல் வந்து போகும் வசதிக்கும் நல்ல விலை வைத்தார்கள்.

2019 தொடக்கத்தில் வார்டு 86 'பாப்-அப்' என்ற பிரிவைத் திறந்தது. முன்பதிவு கிடையாது. மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதே டாக்டர், அதே செவிலியர், அதே சமூகப் பணியாளர். வந்தால் பரிசு அட்டை உண்டு. சேர்ந்த எல்லோருமே அதுவரை வைரஸ் கட்டுக்குள் வராதவர்கள். 6 மாதத்தில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வைரஸ் கட்டுக்குள் வந்தது.

பிறகு மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ போடும் ஊசி மருந்து வந்தது. ஏற்கெனவே மாத்திரையால் வைரஸைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது என்று அனுமதி சொன்னது. மாத்திரையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவே இடமில்லாதவர்களுக்கல்லவா ஊசி வேண்டும்? வார்டு 86 அவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தது. 2023-ல் வெளியான முடிவில், வைரஸ் கட்டுக்குள் இல்லாமல் ஊசியைத் தொடங்கிய 57 பேரில் 54 பேருக்கு அது கட்டுக்குள் வந்திருந்தது.

இன்னொரு மூலையிலிருந்து வந்த குரலையும் சொல்ல வேண்டும். அந்த நகரத்தில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 50 வயதைத் தாண்டியவர்கள். 1980-களில் நண்பர்களை வரிசையாக அடக்கம் செய்துவிட்டுத் தாங்கள் மட்டும் மிஞ்சியவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்காக 2017-ல் தொடங்கிய 'கோல்டன் காம்பஸ்' திட்டத்துக்கு முன் நோயாளிகளோடு குழுக் குழுவாகப் பேசினார்கள். திட்டத்துக்குத் திசைகாட்டி மாதிரி நான்கு திசைகள் வைத்தார்கள். மூன்று திசைகளில் இதயம், மூளை, எலும்பு, பல், கண், காது. நான்காவது, தெற்குத் திசை, மனிதத் துணைக்கு. தனிமைக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. கேட்டதால்தான் அது ஒரு திசையாக நின்றது.

கேட்கப் போகும்போது

இந்த வேலையில் இருப்பவர்கள் கவனமாக இருக்கும் சில விஷயங்கள் வெளியே தெரியாது. கூட்டத்துக்கு வருபவருக்குப் பஸ் கட்டணம், சாப்பாடு, அவர் நேரத்துக்கு ஒரு தொகை. அறிவிப்புப் பலகையில் 'எச்.ஐ.வி. கூட்டம்' என்று எழுதி அம்புக்குறி போடாமல் இருப்பது. வந்தவர்கள் பெயரை எழுதச் சொல்லாமல், சொல்ல விரும்பிய பெயரால் அழைப்பது. கேள்வி கேட்பவர் அதே வாழ்க்கையை வாழ்ந்தவராக இருப்பது. அறிக்கையிலும் ஜாக்கிரதை வேண்டும். ஒரு சின்னப் பகுதியில் தொற்றுள்ள திருநங்கை ஒருவர் என்று அட்டவணையில் 1 என்ற எண் போட்டால் பெயரே போட்ட மாதிரிதான்.

இவை நம் ஊருக்கும் புதிதல்ல. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில்தான் கண்டறிந்தார்கள். அந்த ரத்த மாதிரிகள் பாலியல் தொழில் செய்த பெண்களுடையவை. அந்தப் பெண்களை உட்கார வைத்துக் கருத்துக் கேட்கும் காலம் அல்ல அது. 1998-ல் அதே சென்னையில் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். தொற்றுள்ளவரை வேலையிலோ பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ ஒதுக்குவதையும், சம்மதமில்லாமல் அவர் நிலையை வெளியே சொல்வதையும் தடுக்கும் இந்தியச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாய் திறந்து பேசுவதற்கு இப்படிப்பட்ட பாதுகாப்பு முதலில் வேண்டும். அது காகிதத்தில் மட்டும் இருந்தால் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

இன்னொன்று, கேட்ட பிறகு திரும்பிப் போய்ச் சொல்வது. பல திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. நீங்கள் சொன்னதில் இவற்றை எடுத்துக்கொண்டோம், இதை எடுக்கவில்லை, காரணம் இது என்று யாரும் திரும்ப வந்து சொல்லவில்லை என்றால் அடுத்த ஆண்டு அந்த மக்கள் நேரம் ஒதுக்க மாட்டார்கள். அமெரிக்க நகரங்கள் கூட்டாட்சி அரசுக்கு எச்.ஐ.வி. திட்டத்தை அனுப்பும்போது, நோயாளிகளும் உட்கார்ந்திருக்கும் திட்டக் குழுவின் கடிதம் ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதில் குழு மூன்றில் ஒன்றைச் சொல்லலாம்: திட்டத்தை ஏற்கிறோம், சில ஆட்சேபங்களோடு ஏற்கிறோம், ஏற்கவில்லை. மூன்றாவதை எழுதினால் ஏன் ஏற்கவில்லை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடலாம்.